ரஹ்மத்துன்னிசா சொல்லாமல் விட்டது

ரஹ்மத்துன்னிசா அக்காவுக்கு ஊரார் பிள்ளைகளெல்லாம் தன் பிள்ளைகள்தான். அதனாலேயே பெற்றவர்களைக்கூடக் கேட்காமல் முடிவெடுத்துவிடுவார். சொந்த ஊர் கடையநல்லூர். மராத்தி பேசும் கோர்படியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. அங்கே வரும் தமிழ்க் குடும்பங்கள் சொல்வதை மராத்தியில் எடுத்துச் சொல்வது அவர் பொறுப்பு. நான் பார்கவி, மகர்பட்டாவில் ஐ.டி. வேலை. சனிக்கிழமைகளில் அங்கே போய் மனு எழுதிக் கொடுப்பேன்.

அக்கா சேர்ந்த காலத்தில், உதவி கேட்டவர் வீட்டுக்கே போய் அரிசி டப்பாவைத் திறந்து பார்ப்பார்களாம். அரிசி இருந்தால் உதவி கிடையாது. கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது மனுவில் 'உங்கள் விருப்பம் என்ன?' என்று ஒரு பகுதியே இருக்கிறது. அதைப் பார்த்தால் அக்காவுக்குச் சிரிப்பு. "பசிச்சு வந்தவகிட்ட போயி விருப்பம் கேக்காவ!" என்பார்.

போன ஜூனில், நான் அங்கே இல்லாத ஒரு நாளில், மரியம்மாள் வந்தாள். கட்டட வேலை செய்பவள். கணவன் இறந்து ஐந்து மாதம். ஒன்பது வயது மகள் மீனு பகலெல்லாம் மணலிலும் கம்பியிலும் திரிந்துகொண்டிருந்தாள். என்ன செய்யலாம் என்று தமிழ் தெரியாத நிர்வாகி ராஜஸ்ரீ, ரஹ்மத்துன்னிசா அக்கா மூலமாகக் கேட்டார்.

"பகல்ல பாத்துக்க ஒரு எடம் இருந்தா போதும்க்கா. ராத்திரிக்கு எம்புள்ள எங்கூடத்தான் படுக்கணும். அவரும் போயிட்டாரு, இவளும் இல்லன்னா நான் எதுக்கு?" என்றாள் மரியம்மாள்.

அக்கா ராஜஸ்ரீயிடம் சொன்னது வேறு. தாய்க்குச் சம்மதம், ஊருக்கு வெளியே கடக்வாஸ்லா பக்கமுள்ள விடுதியிலேயே பெண்ணைச் சேர்த்துவிடலாம் என்றார். கெட்ட எண்ணம் இல்லை. அக்காவையும் பத்து வயதில் அவருடைய வாப்பா விடுதியில் விட்டவர்தான். அதனால்தான் ஆளானேன் என்று அக்கா உறுதியாக நம்பினார். மரியம்மாளிடம், "எல்லாம் பேசியாச்சு. பிள்ளைய நல்லாப் பாத்துக்கிடுவாங்க" என்று மட்டும் சொன்னார். அவள் மராத்திப் படிவத்தில் கைநாட்டு வைத்தாள்.

மீனுவை விடுதிக்குக் கூட்டிப்போக, சனிக்கிழமை காலை வண்டியில் நானும் அக்காவும் போனோம். மரியம்மாளின் தகரக் கொட்டகை வாசலில் மீனு இரட்டைச் சடையோடு நின்றாள். கையில் ஒரு டிபன் டப்பா. துணிப்பை எதுவும் இல்லை.

"சாயங்காலம் எத்தன மணிக்குக்கா கொண்டாந்து விடுவீங்க? எனக்கு ஆறுக்கு வேல முடிஞ்சிரும். கேட்டுலயே நிப்பேன்" என்றாள் மரியம்மாள்.

அக்கா டிரைவரிடம் வண்டியை அணைக்கச் சொன்னார். "இன்னைக்கு வேண்டாம்மா. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். திங்கக்கிழமை ஆபீசுக்கு வா, எல்லாம் சொல்லுதேன்" என்றார். நேராக ராஜஸ்ரீயிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னார். வேலையை விட்டால் தப்பு சரியாகிவிடுமா என்று கேட்டார் ராஜஸ்ரீ. திங்கட்கிழமை அக்காவே பேச வேண்டும், இரண்டு பாஷையும் தெரிந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். மரியம்மாள் மீனுவோடு வந்திருந்தாள். மீனுவை எங்கே அனுப்ப இருந்தார் என்பதை அக்கா முதலில் மரியம்மாளிடம் சொன்னார். அவள் விருட்டென்று எழுந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"என்னைக் கேக்காம எம்புள்ளைய அனுப்பப் பாத்தியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? தமிழ்ல பேசுறியேன்னு ஒன்ன நம்புனேன்டி!"

என்ன சொல்கிறாள் என்று கேட்டார் ராஜஸ்ரீ. நானாக இருந்தால், வருத்தப்படுகிறாள் என்று சொல்லி மழுப்பியிருப்பேன். அக்கா மழுப்பவில்லை. தன்னைத் திட்டியதைத் தன் வாயாலேயே மராத்தியில் வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மரியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னதத்தான் சொல்றாளா?"

"அப்படியேதான் சொன்னாங்க" என்றேன்.

அவள் மகளோடு மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்ப இதையும் சொல்லு. பகல்ல மட்டுந்தான். ஆறு மணிக்கு எம்புள்ள எங்கிட்ட வந்துரணும்."

அக்கா சொன்னார். ராஜஸ்ரீ அதை அப்படியே எழுதிக்கொண்டார்.