ஞானசீலன் வரைந்த பாலாறு

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் ஞானசீலன் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், நான் எலக்ட்ரீஷியன். இருபது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆள் பரம சாது. சர்ச்சில் கடைசி பெஞ்சு, கேண்டீனில் கடைசி டேபிள். சம்பளச் சீட்டு அச்சடிப்பதும் ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு லேபிள் எடுப்பதும் அவன் வேலை. ஆனால் தொண்ணூற்று நாலில், சாப்பாட்டு இடைவேளைகளில், கம்பெனியின் 386 கம்ப்யூட்டரில் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தான். பாலாற்றை வரைந்தான். வரைந்தான் என்றால் பென்சில் பிடித்து அல்ல. வரி வரியாகக் கட்டளை எழுதி, அந்தக் கட்டளைப்படி திரையில் ஆறு ஓட வேண்டும். ஒன்றரை வருஷம் பிடித்தது.

முடித்த அன்றைக்கு என்னை மட்டும் கூப்பிட்டான். திரையில் முதலில் வெறும் மணல். கரையில் கவுன் போட்ட சின்னப் பெண் ஒருத்தி ஓடுகிறாள். அது அவன் மகள் ரெனிட்டா. மேற்கே வானம் கறுக்கிறது. தண்ணீர் நூலாக வந்து, அகன்று, இரண்டு கரையையும் தொடுகிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற காசளவு ஸ்பீக்கரில் அவனே போட்ட மெட்டு. மொத்தம் ஏழு நிமிஷம். தோல் கழிவு நுரை இல்லாத பாலாற்றை நான் அப்போதுதான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு என்ன வெட்கம்?

வெளியாட்களைக் கம்பெனிக்குள் விட மாட்டார்கள். அதனால் அவன் மனைவி ஹெலனும் பார்க்கவில்லை, மகளும் பார்க்கவில்லை. தொண்ணூற்று எட்டில் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிவிட்டுப் புதியவை வைத்தார்கள். புதியதில் போட்டால் ஒரு தும்மல் போடுவதற்குள் வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. பழைய மெஷினின் வேகத்துக்கு அளந்து எழுதியிருந்தான், பாவி. ஐந்து பெரிய பிளாப்பிகளில் அது இருந்தது. ஒன்று கெட்டுப்போனால் உதவும் என்று இன்னொரு ஐந்தில் நகல் எடுத்து, பத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

ரெனிட்டா வளர்ந்து இன்ஜினியரிங் படித்தாள், அதுவும் கம்ப்யூட்டர். ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் இருக்கும்போது அவன் அந்த ஆற்றைப் பற்றிப் பேச்செடுத்தான். அவள் சொன்னாள்: "அந்த மெஷின்ல ஏழு நிமிஷம்லாம் அனிமேஷன் ஓடாதுப்பா. ஏதாவது ஸ்க்ரீன் சேவரப் பாத்திருப்பீங்க."

கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. பரிவாகச் சொன்னாள். அவன் சிரித்து வைத்தான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்தல்ல ரஃபி? நெசமாவே பாத்தல்ல?" என்றான். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டாயிரத்து ஆறில் அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. ஜூனில் போய்ச் சேர வேண்டும்.

"அவ போறதுக்குள்ள காட்டணும்," என்றான். "பழைய வேகத்துல ஓடுற ஒரு பெட்டி செய்யலாம் ரஃபி. கணக்கு போட வேணாம், லெட்டர் அடிக்க வேணாம். ஆறு மட்டும் ஓடணும்."

செய்தோம். எண்பதுகளில் வந்த மெஷின் மாதிரி, விசைப்பலகையும் பெட்டியும் ஒரே உடம்பாக இருக்க வேண்டுமென்று அடம்பிடித்தான். ஷூ அனுப்பும் மரப்பெட்டிப் பலகையை இழைத்து, பழுப்பேறிய தந்த நிறத்தில் பெயிண்ட் அடித்தோம். பக்கவாட்டில் ஒரு சிவப்பு சுவிட்ச். காயலான் கடைகளில் தேடி நான்கு 386 போர்டு வாங்கியதில் மூன்று பிணம். உயிரோடு இருந்ததும் வாரம் ஒருமுறை மக்கர் செய்தது. தோல் பதனிடும் எங்கள் ஊர்க் காற்றில் செம்பெல்லாம் கறுத்துப்போகும். பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் தேய்த்து உயிர் கொடுத்தோம்.

அந்தப் பெரிய பிளாப்பியைப் படிக்கிற டிரைவ் மட்டும் அகப்படவேயில்லை. அவள் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் வேலூரில் ஒரு கடையில் கிடைத்தது. எங்கேயோ கிடந்த வேறொரு பழைய பிளாப்பியைப் போட்டுப் பார்த்தோம். மளமளவென்று படித்தது.

"இப்பவே உன்னோடதையும் போட்டுப் பாத்துடுப்பா," என்றேன்.

"வேணாம். பழசு, ஜாஸ்தி படிச்சா தேஞ்சிடும். மொத தடவ அவ முன்னாலதான்."

நான் கத்தினேன். சாதுவின் பிடிவாதம் இருக்கிறதே, அதை யாராலும் அசைக்க முடியாது.

மறுநாள் ஞாயிறு. சர்ச் முடிந்து சாப்பிட்டாயிற்று. சாயங்காலம் காட்பாடியில் ரயில். ரெனிட்டா பெட்டிக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஹெலன் பீரோவைத் திறந்து பிளாப்பிகளை எடுத்து வந்தாள். அவள் ஹேண்ட்பேக் கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறவள். நல்ல கறுப்புத் தோலில் அவளே தைத்த பையில் பத்தையும் போட்டு வைத்திருந்தாள்.

"எட்டு வருசமா ஒரு தூசு படல," என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

ஞானசீலன் முதல் பிளாப்பியைச் செருகினான். டிரைவ் கரகரத்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. இரண்டாவதும் அப்படியே. நகலைப் போட்டான். பத்தும் அதே வரி. அவன் சட்டை முதுகு நனைந்துவிட்டது. ரெனிட்டா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்தது தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் மெஷினின் மூடியைக் கழற்றலாமென்று ஸ்க்ரூடிரைவரை எடுக்கப் போனேன். அது பக்கத்தில் கிடந்த தோல் பையின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. லேடீஸ் ஹேண்ட்பேக்குக்குப் போடுகிற காந்த பட்டன். எட்டு வருஷம் பிளாப்பிகளோடு ஒட்டி உறவாடி, எழுதியதையெல்லாம் துடைத்து வைத்திருக்கிறது. தினம் இருநூறு பட்டன் வைத்துத் தைக்கிறவளுக்கு அது வெறும் பட்டன்.

அவனும் பார்த்துவிட்டான். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கடியில் என் தொடையை அழுத்திப் பிடித்தான். அந்தக் கையில் அத்தனை பலம் இருக்குமென்று நான் நினைத்ததில்லை.

"டிரைவ் போய்டுச்சும்மா," என்றான் மகளிடம். "பழைய டிரைவ்."

"பரவால்லப்பா. நான் நம்புறேன்," என்றாள் ரெனிட்டா, குழந்தையிடம் பேசுகிற குரலில்.

"நான் பாத்தேன்மா! ஏழு நிமிசம்! நீ அதுல ஓடுவ!" என்று கத்திவிட்டேன்.

"சரி அங்கிள்," என்று சிரித்தாள். எழுந்து போய் சூட்கேஸை மூடினாள். என் மேலும் அவன் மேலும் அந்தப் பட்டன் மேலும் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் ஹெலன் தாங்க மாட்டாள். சொல்லாவிட்டால் அவன் பொய்யன்.

ஹெலன் பையைப் பிரித்து நீட்டினாள். "வேற டிரைவ் கெடைக்கிற வரைக்கும் இதுலயே இருக்கட்டுங்க. வெளிய கெடந்தா கெட்டுடும்."

அவன் பத்தையும் ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் உள்ளே வைத்தான்.

"நல்லா மூடிட்டீங்களா?"

பட்டனை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "மூடிட்டேன்," என்றான்.