வகுப்பறைக்கு வந்த வெண்புள்ளி

ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, என் மச்சானின் இரண்டு இறால் குளங்களும் மூன்று நாளில் செத்து மிதக்கப்போகின்றன என்று நம்பியவன் நான். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதைக் கண்டுபிடித்த அறிவாளி நான்தான் என்றும், நான் மட்டும் குனிந்து பார்த்திருக்காவிட்டால் அந்தக் கரையோரமே காலி என்றும் நம்பினேன். பயந்துகொண்டிருக்கும்போதே ஒரு மனிதனுக்குப் பெருமையாகவும் இருக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் பெண்ணாடம் பக்கத்துக்காரன். கரும்பைப் பார்த்து வளர்ந்தவன். இறால் எனக்குத் தட்டில் மட்டுமே பழக்கம், அதுவும் தலை இல்லாமல், மசாலாவோடு. குடியிருப்பது சிதம்பரத்தில். வேலை கிள்ளைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், என் தலையில்.

அந்தந்த ஊர்த் தொழிலை எல்லாப் பாடத்திலும் கொண்டுவாருங்கள் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். மற்றவர்கள் டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டேன். தமிழ்ப் பாடத்தில் கொடுவா மீனும் மடவை மீனும் வந்தன. சமூக அறிவியலில் கிள்ளையிலிருந்து கடலூர் துறைமுகம் வரைக்கும் வரைபடம் போட்டோம். ஓவிய வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்த நண்டுக்குக் கால் குறைந்துவிட்டது. பாதி வீடுகளில் தினமும் நண்டு அலசுகிற ஊர் அது. பிள்ளைகள் என்மேல் உள்ள மரியாதையில் குறைந்த காலோடே வரைந்து கலர் அடித்தார்கள்.

கணக்குக்கும் அறிவியலுக்கும் உயிருள்ள இறால் வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அதற்குத்தான் மச்சான் இருந்தான். என் மனைவியின் தம்பி. கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பல வருஷம் கான்ட்ராக்டில் ஓடியவன், அதை உதறிவிட்டுக் கிள்ளைக்குத் தெற்கே இரண்டு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து இறால் விட்டிருந்தான். அதுதான் முதல் வளர்ப்பு. இது தப்பினால் திரும்பவும் போய் அந்தக் கம்பெனி கேட்டில் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சிரித்து முடித்ததும் எழுந்து குளத்தைப் பார்க்கப் போய்விடுவான்.

அவன்தான் ஒரு மஞ்சள் தொட்டியில் குளத்துத் தண்ணீரோடு இறாலைப் போட்டு, மீன்தொட்டிக்கு வைக்கிற சின்ன மோட்டாரையும் வைத்துக் கொடுத்தான். வகுப்பின் மூலையில் அது குபுகுபுவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அந்த அறையில் எவனும் யாரையும் கிள்ளவில்லை. எல்லோரும் தொட்டியைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் கணக்கு வகுப்பில், தொட்டியில் எத்தனை இறால் என்று கேட்டேன். ஆளுக்கொரு எண் சொன்னார்கள். ஓடுகிற பிராணியாயிற்றே, சண்டையே வந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரே விடையாகச் சொல்ல வேண்டும், எப்படி எண்ணுவது என்பது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். ஏதோ ஒரு விவரத்தைச் செல்போனில் ஏற்ற வேண்டியிருந்தது. அது ஏறுவேனா என்றது. மணி அடிக்கிற வரைக்கும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலையில் நான்தான் முதலில் போய்க் கதவைத் திறந்தேன். தொட்டியைப் பார்த்தேன். ஒரு இறால் அடியில் மல்லாந்து கிடந்தது. மற்றவையெல்லாம் சோம்பலாக ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வெள்ளைப் புள்ளி.

அறிவியல் பாடத்துக்காக நான் இணையத்தில் கண்டதையும் படித்து வைத்திருந்தேன். அதில் மண்டையில் ஒட்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: வெண்புள்ளி நோய். ஓட்டின் மேல் வெள்ளைப் புள்ளி வரும், இறால் சோர்ந்து கரை ஒதுங்கும், பிறகு சில நாளில் குளமே காலியாகிவிடும், மருந்து கிடையாது. என் கண் முன்னால் மூன்றும் இருந்தன.  இந்த இறால் மச்சான் குளத்து இறால். இதற்கு வந்திருக்கிறது என்றால் அதற்கும் வந்திருக்கிறது.

எல்லா இறாலுக்கும் ஒரே ஒரு புள்ளி, ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன். கிருமிக்கு இருக்கிற ஒழுங்கு என் கையெழுத்துக்குக்கூட இல்லையே என்று வியந்தேன். அவ்வளவுதான் எட்டியது.

ஒரு போட்டோ எடுத்தேன். அவசரத்தில் பாதி இறாலும் என் செருப்பும் விழுந்திருந்தன. ஆனால் புள்ளி தெளிவாக இருந்தது. அதை மச்சானுக்கு அனுப்பினேன். பிறகு, நோய் பரவக் கூடாதே என்று, கழிப்பறைக்கு வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டினேன். இறால் அத்தனையையும் பள்ளிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். தலைமையாசிரியர் அம்மா வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.  நோய், குளம், மச்சான் என்று மூன்று வார்த்தைகளை மாற்றி மாற்றிச் சொன்னேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அரை நாள் விடுப்பில் போகச் சொன்னார். பிள்ளைகள் வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். அன்று அவர்தான் என் வகுப்பைப் பார்த்துக்கொண்டார்.

குளத்தில் மச்சான் செக் ட்ரேயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். இறால் ஒழுங்காகத் தின்கிறதா என்று பார்ப்பதற்காகத் தீனி போட்டுத் தண்ணீருக்குள் இறக்குகிற வலைத்தட்டு அது. தீனி சுத்தமாகக் காலி. தட்டிலிருந்த இறால் எல்லாம் துள்ளின. ஒன்றிலும் புள்ளி இல்லை.

"துள்ளுது மாமா," என்றான். "நோவு வந்தது இப்பிடித் துள்ளுமா?"

முதல் நாள் துள்ளும், மூன்றாம் நாள் மிதக்கும் என்று நான் சொன்னேன். எங்கே படித்தேன் என்று இன்றுவரைக்கும் எனக்கே தெரியாது. சொல்லும்போது குரல் மட்டும் வகுப்பில் பேசுகிற மாதிரி உறுதியாக வந்தது.

கொடுத்த இறாலைக் கொண்டாங்க, கையில் வைத்துப் பார்த்துவிடுவோம் என்றான். புதைத்துவிட்டேன் என்றேன். தோண்டிக்கலாம் என்றான். பிளீச்சிங் பவுடர் போட்டுப் புதைத்தேன் என்றேன்.  அவன் மறுபடியும் போட்டோவையே பெரிதாக்கிப் பார்த்தான். புள்ளி பெரிதாகத் தெரிந்தது. வேறு என்ன தெரியும்.

குளத்து இறாலை டெஸ்டுக்குக் கொடுத்தால் முடிவு வர மறுநாள் சாயங்காலம் ஆகும். அதற்குள் ஒரு நாள் போய்விடும் என்று நான் பதறினேன். எங்கள் பேச்சு அடுத்த குளத்துக்காரர் காதுக்கும் போனது. அவர் வேகமாக நடந்து வந்து போட்டோவைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. உன் தண்ணியை வாய்க்காலில் விட்டுடாதே தம்பி, நாங்க எல்லாரும் அதுலதான் எடுக்கிறோம் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். வெண்புள்ளி என்றால் இந்தத் தொழிலில் ஒரே வழிதான்: சாவதற்குள் பிடித்துவிட வேண்டும். இறால் அப்போது பாதி வளர்த்திகூட இல்லை. பொடி. ஆனாலும் உயிரோடு பிடித்தால் ஏதோ விலை, செத்தால் பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டியதுதான்.

மச்சான் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.  காற்றுக்காகச் சுற்றுகிற துடுப்புகள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தன.

"எனக்கு மனசு ஒப்பல மாமா. ஆனா நீங்க வாத்தியாரு. நாலு எழுத்து படிச்சிட்டுச் சொல்றீங்க," என்றான். "விடியக்காலையில வலைய இறக்கிடுறேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி தம்பிக்காக அழுதாள். நல்ல வேளை நீங்க பார்த்தீங்க என்று எனக்கு இன்னொரு தோசை வைத்தாள். நானும் தின்றேன்.

மறுநாளும் லீவு கேட்டேன், தலைமையாசிரியர் அம்மா தரவில்லை. முதல் மணிக்கு வகுப்புக்குள் போனேன். பிள்ளைகள் தொட்டி இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறாலுக்குக் கெட்ட நோய் வந்துவிட்டது, அதனால் எடுத்துவிட்டோம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன். தலையில் வெள்ளையாக வரும், வந்தால் பிழைக்காது என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நோயைக் கேட்டுப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்து, ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன்.

நாலாம் வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிற ஒரு பெண் எழுந்தாள். எப்போதும் தான் செய்த கணக்கைத் திருத்திக் கொடுத்தால்தான் நகருவாள்.

"அது நோவு இல்ல சார். அது நாங்க வச்ச புள்ளி."

 அவளாகவே சொன்னாள். எண்ணினது எது, எண்ணாதது எது என்று தெரியவில்லையாம். குச்சி என்றால் எண்ணினதை ஓரமாக வைக்கலாம், இது ஓடுகிறதே. அதனால் டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாகத் தூக்கி, பாவாடையில் தலையைத் துடைத்து, என் மேஜையிலிருந்த ஒயிட்னரால் ஒரு சொட்டு வைத்து, காய ஊதிவிட்டு, திரும்ப உள்ளே விட்டிருக்கிறார்கள். புள்ளி இருந்தால் எண்ணியாச்சு. ஒருத்தி தூக்க, ஒருத்தி துடைக்க, ஒருத்தன் ஊத என்று வரிசை போட்டு வேலை நடந்திருக்கிறது. நான் பக்கத்து அறையில் அந்தச் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும்.

"ஒண்ணு மட்டும் கைதவறிக் கீழ விழுந்துடுச்சு சார். அதையும் சேத்துதான் எண்ணுனோம். இருபத்தேழு. யாரு எண்ணுனாலும் இருபத்தேழுதான் வரும்," என்றாள். "சரிதான சார்?"

மேஜையைப் பார்த்தேன். ஒயிட்னர் குப்பி காலியாக இருந்தது. மூடிகூட ஒழுங்காக மூடியிருந்தது.

  மச்சானுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வலை இழுக்கிறவன் இடுப்பில் போனைச் செருகிக்கொண்டா தண்ணீரில் இறங்குவான். தலைமையாசிரியர் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன், அவர் நடுவிலேயே தன் ஸ்கூட்டி சாவியைக் கொடுத்தார். இளஞ்சிவப்பு வண்டி. அதில் நான் போன வேகத்தைப் பார்த்து, கரையோரம் நடந்துகொண்டிருந்த யாரோ ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். துக்க வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் குளம் வற்றிக் கிடந்தது; தண்ணீரை வாய்க்காலில் விடாமல் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்துப் பொட்டலுக்கு இறைத்திருந்தான். சேற்றில் கொக்குகள் இறங்கியிருந்தன. கரையில் பெண்கள் பொடி இறாலைத் தரம் பிரித்து ஐஸில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வியாபாரியின் வண்டி பின்கதவைத் திறந்தபடி நின்றது. வலைக்காரர்கள் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டாம் குளத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். மச்சான் அந்தக் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலைக்கயிற்றுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தான்.

நான் கரையிலிருந்தே கத்தினேன். என்ன கத்தினேன் என்று கேட்காதீர்கள். வலைக்காரர்களில் ஒருவர், வாத்தியாருக்கு என்னமோ ஆயிடுச்சுப்பா என்று சொன்னது மட்டும் கேட்டது. செருப்போடு தண்ணீரில் இறங்கி, மச்சான் கையிலிருந்த கம்பைப் பிடுங்கி, பிள்ளைகள் செய்ததை மூச்சு வாங்க முழுவதும் சொன்னேன். ஒயிட்னர் என்ற வார்த்தையை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவன் காலியான குளத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அடிக்கப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மொத்தம் எத்தினின்னு சொன்னாங்க மாமா?"

"இருபத்தேழு."

"இந்த அளவுக்கு மூளையோட ஒரு வேலையாளு எனக்குக் கெடைக்க மாட்டேன்றான்," என்றான். பிறகு வலைக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டித் திரும்பிப் போகச் சொன்னான். நட்டு வைத்த கம்புகளை அவனே ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினான்.

இரண்டாம் குளத்து இறாலை அன்றே டெஸ்டுக்குக் கொடுத்தான். எந்த நோயும் இல்லை என்று வந்தது. அந்தக் குளத்து இறாலை முழு வளர்த்தி வரும்வரை விட்டு, நல்ல எடையில் பிடித்தான். முதல் குளத்து இறாலுக்கும் எந்த நோயும் இருக்கவில்லை. அதைத்தான் பாதியில் பிடித்துப் பொடி விலைக்குக் கொடுத்துவிட்டோம். அந்த நட்டத்தில், அடுத்த வளர்ப்புக்கு அவன் ஒரு குளத்தை மட்டும் குத்தகைக்கு வைத்துக்கொண்டான். வாரத்தில் மூன்று நாள் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறான்.