கெலமங்கலம் சாலையில் தார் காய்ச்சியபோது

தார் வேலைக்குப் போகிறவன் வெள்ளை வேட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அறுபதுகளின் கடைசியில், ஓசூரில் தொழிற்சாலைகளைவிடப் புளியமரங்கள் அதிகமாக இருந்த காலத்தில், கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டை போகும் சாலைக்குத் தார் போட்ட கான்ட்ராக்டரிடம் நான் மேஸ்திரி. சித்திரை வெயிலில் ரோடு உங்கள் செருப்பைப் பிடுங்கிக்கொள்ள, ஒற்றைக் காலில் நின்று யாரையோ திட்டியிருப்பீர்களே, அந்த யாரோ நான்தான். என் செருப்பும் ஒட்டியிருக்கிறது. ஆகவே நாம் ஒரே கட்சி.

எருமைக்கன்று

தார் டிரம்களை அடுக்கவும் பாய்லர் வைக்கவும் கெலமங்கலத்துக்கு வெளியே ஒரு மேட்டு நிலத்தைக் கான்ட்ராக்டர் குத்தகைக்கு எடுத்திருந்தார். நிலத்துக்காரர் வெங்கடப்பா வீட்டில் தெலுங்கும் வயலில் கன்னடமும் எங்களிடம் தமிழும் பேசுவார். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். "என் ராகிக் கொல்லையில ஒரு சொட்டுத் தார் விழுந்தாலும் அன்னைக்கே காலி பண்ணிடணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

கொல்லையில் விழவில்லை. வெயிலில் ஒரு டிரம் கசிந்து குட்டையாகத் தேங்க, அவருடைய எருமைக்கன்று அதில் போய்ப் படுத்துவிட்டது. குளிர்ச்சியான சேறு என்று நினைத்ததோ என்னவோ, எழ முடியாமல் கத்துகிறது. இடம் போனால் வேலையே நின்றுவிடும். வெங்கடப்பாவின் மனைவி முனியம்மா யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டில் விளக்குக்கு வைத்திருந்த புங்க எண்ணெயைக் குடத்தோடு தூக்கி வந்தார். அந்தம்மாவும் எங்கள் சித்தாள்களும் கன்றைச் சுற்றி உட்கார்ந்து, எண்ணெய் விட்டு விட்டுத் தேய்த்து, தவிட்டைப் போட்டுத் துடைத்து, சாயங்காலத்துக்குள் அதை எழுப்பி நிறுத்திவிட்டார்கள். அது நேராக ஓடித் தாயிடம் முட்டிக் குடித்தது.

சந்தையிலிருந்து திரும்பிய வெங்கடப்பா கன்றைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஏமய்யா மேஸ்திரி, எருமையாப் போனதால பொழைச்சே. என் வெள்ளைப் பசு மட்டும் படுத்திருந்தா உன்னை விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

மணலில் எண்ணெய்

எங்கள் இன்ஜினியர் சார் மதராஸ்காரர், நல்ல மனிதர். மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடுதான் மரத்தடியில் உட்காருவார். ஒரு நாள் கனடா தேசத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே ஒரு பக்கம் பூமியெல்லாம் தார் கலந்த மணலாம். கம்பெனிக்காரர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மணலை மலை மலையாக வெட்டி, வெந்நீரில் அலசி, அந்தக் கெட்டி எண்ணெயைப் பிரித்தெடுக்கிறார்களாம். அதைக் காய்ச்சிப் பெட்ரோல்கூட எடுக்கிறார்கள் என்றார். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

காலையிலிருந்து தார் ஊற்றிய ஜல்லிமேல் மணல் இறைத்து இறைத்துத் தோள் வலி கண்டிருந்த சித்தாள் சின்னத்தாயி, களி உருண்டையைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க மணல்ல இருந்து தாரைப் பிரிக்கறாங்க, நாம தாரோட மணலைச் சேர்க்கறோம். ரெண்டு பேரும் சும்மா இருந்திருக்கலாமே சார்" என்றாள்.

என் இடது கை

ஒரு டிரம்முக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் கலந்த தார் சூடேறினால் பால் மாதிரி பொங்கும். பாய்லர் பக்கத்தில் நின்ற என் இடது கையில், முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் வழிந்துவிட்டது. நான் அலறிக்கொண்டே அதை வழித்தெறியப் போனேன். அடுப்புப் பார்க்கும் மாதையன் என் வலது கையை முறுக்கிப் பிடித்து, "பிடுங்காதீங்க மேஸ்திரி, தோலும் கூட வந்துடும்" என்று கத்தி, என்னைத் தரதரவென்று இழுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் கையை அழுத்தினார்.

அந்த நேரம் ஓசூர் பஸ் வந்தது. அதன் டிரைவருக்கும் எனக்கும் தினமும் சண்டை. பஸ்ஸை ரோட்டில் விடாமல் வயலில் இறக்கிவிடுகிறவன் நான் அல்லவா? அன்றைக்கு அவரே குதித்து இறங்கி என்னைத் தூக்கி ஏற்றினார். "ஓசூர் வரைக்கும் எங்கயும் நிக்காது, மன்னிச்சுக்கங்க" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். யாரும் மறுக்கவில்லை. பஸ்ஸில் தாம்பூலத் தட்டுகளோடு ஒரு குடும்பம் இருந்தது, பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் செய்ய வழியில் ஓர் ஊரில் இறங்க வேண்டியவர்கள். பெண்ணின் அப்பா என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு, புது அங்கவஸ்திரத்தால் விசிறிக்கொண்டே வந்தார். அவர்கள் இறங்கும் ஊர் ஜன்னலில் ஓடி மறைந்தது.

கொஞ்சம் தாமதமாக வந்திருந்தாலும் விரல் மடங்காமல் போயிருக்கும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் நான் அந்தப் பெரியவரிடம், உங்கள் நல்ல காரியம் கெட்டுவிட்டதே என்று அழுதேன். அவர் என் தலையில் கை வைத்து, "மாப்பிள்ளை வீட்டுல சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பாங்க தம்பி. உன் கை காத்திருக்குமா?" என்றார்.

அஞ்செட்டிக்காரர்

கை ஆறி நான் வேலைக்குத் திரும்பியபோது ரோடு தேன்கனிக்கோட்டையை எட்டியிருந்தது. ஒரு காலை, தோளில் துண்டும் கையில் ஒரு பலாப்பழமுமாக ஒருவர் வந்து நின்றார். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் காட்டோரம் மாடு மேய்ப்பவர், பெயர் பசப்பா. வேலை கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் சொன்னது வேறு கதை. மனைவிக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்து ஒரு பகல் போயும் பிள்ளை வரவில்லை. பஸ் இல்லை. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்து ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். மலைப்பாதையில் கல்லுக்குக் கல் வண்டி தூக்கிப் போட, அந்தப் பெண் "என்னை இங்கயே இறக்கிடுங்க, செத்துப்போறேன்" என்று கெஞ்சியிருக்கிறாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், பெண் குழந்தை என்றபோதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அதுக்கு எங்களை ஏன் தேடி வந்தீங்க? டாக்டருக்குக் குடுங்க பழத்தை" என்றேன். பசப்பா பழத்தை என் காலடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தார் ரோட்டுல வண்டி ஏறினதும் அவ முனகறது நின்னுச்சுங்க. செத்துட்டாளோன்னு திரும்பிப் பார்த்தேன், தூங்கிட்டிருந்தா. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

இன்றைக்கும் அந்தச் சாலையில் பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் ரோடு போட்டவனை வாய் நிறையத் திட்டுவார், நானும் என் இடது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு "ஆமாங்க, அநியாயம்" என்று தலையாட்டிவிடுவேன்.