ஜன்னலைத் திறக்கச் சொன்ன பெட்டி

ஆம்பூரில் ஜன்னலைத் திறப்பது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். திறந்தால் தோல் பதனிடும் டேனரிகளின் நாற்றம் வரும். மூடினால், சித்திரை வெயிலில், நாமே தம் போட்ட பிரியாணி ஆவோம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு வருடம். ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் எனக்கு வேலை. நேரத்துக்குப் போய்ச் சேராத காலணிகளுக்காக நல்ல ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவிப்பதுதான் அந்த வேலை. என் வருத்தங்களைப் பல வருடம் படித்து மனமிளகிய, எங்களிடம் காலணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர், ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு வானிலைப் பெட்டியைப் பரிசளித்தார். கடிகாரம் போன்ற ஒன்றை வீட்டுக்குள் வைக்க வேண்டும். சோப்புக்கட்டி அளவில் இன்னொன்றை வெளியே தொங்கவிட வேண்டும். வெளிச்சூடு நாம் சொன்ன அளவுக்குக் கீழே இறங்கியதும் உள்ளே இருப்பது கத்தும். அப்போது ஜன்னலைத் திறந்தால் போதும். இனி வியர்வையைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம், விஞ்ஞானம் சொல்லிவிடும்.

என் மனைவி வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அந்த மாதம் முழுக்க அவளுக்கு நைட் டூட்டி. காலை ஒன்பது மணிக்கு வந்து படுத்தால் சாயங்காலம்வரை தூங்க வேண்டும். நான்கு நாளாக ஒரு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நான் சர்ச்சுக்குக் கிளம்பும்போது, ஒரு பையில் புடவைகளை அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"இன்னிக்கும் தூக்கம் வரலேன்னா, நாளைக்கு டூட்டி முடிச்சு நேரா ஒடுகத்தூர் பஸ் ஏறிடுவேன். மாசம் முடியறவரைக்கும் அம்மா வீட்லதான்."

"கோவமா?"

"கோவப்படறதுக்கும் தூங்கி எழுந்திருக்கணும்ங்க."

அவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று ஒருமுறை பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் நாற்காலியிடம் அபிப்பிராயம் கேட்டேன். எனவே சர்ச்சிலிருந்து வந்ததும் பெட்டியைப் பிரித்தேன். கிடைத்த புத்தகத்தையெல்லாம் அட்டை முதல் அட்டைவரை படிக்கிறவன், அதனோடு வந்த சின்னக் கையேட்டை மட்டும் புரட்டக்கூட இல்லை. வெளிக்கருவியை மாடியில் கொடிக்கம்பியில், நல்ல வெயிலில், தொங்கவிட்டேன். முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே போனால் கத்தச் சொல்லிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். அறைக்குள் எல்லா ஜன்னலும் மூடியிருந்தன. மின்விசிறி சூடான காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. அவள் எப்படியோ கண்ணயர்ந்திருந்தாள்.

மூன்று மணிக்குப் பெட்டி கத்தியது. வெளியே இருபத்தேழு டிகிரி! ஈரப்பதம் தொண்ணூற்றொன்பது. படித்தவன் ஆயிற்றே, மழை வரப்போகிறது என்று முடிவு கட்டினேன். ஓசைப்படாமல் அறைக்குள் போய் மூன்று ஜன்னல்களையும் விரியத் திறந்தேன்.

அடுப்பைத் திறந்ததுபோல் அனல் வந்தது. அதன் பின்னாலேயே, அழைக்காத விருந்தாளியாக, டேனரி நாற்றம். என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னாங்க பண்றீங்க?"

"வெளியே இருபத்தேழு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கட்டிலுக்கடியில் குனிந்து பையைப் பார்த்தாள்.

நான் மாடிக்கு ஓடினேன். கொடிக்கம்பியில் கருவியைக் காணோம். ஒரு ஈரத்துணி மூட்டைதான் தொங்கியது. பக்கத்தில் குவளையோடு பக்கத்து வீட்டு அம்மாள். மாடி இரண்டு வீட்டுக்கும் பொது. அவரை நாங்கள், அக்கா என்பதற்கு உருதுவில் சொல்வதுபோல், ஆபா என்று கூப்பிடுவோம்.

"சார், உங்க ஃபாரின் பொட்டி வெயில்ல கெடந்து துடிக்குது. செவப்பு லைட்டு மின்னி மின்னி அணையுது. பாவமா இருந்துச்சு. துணி நனைச்சு சுத்துனேன். இப்ப எவ்ளோ சில்லுனு இருக்கு, தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. என் பின்னால் மாடியேறி வந்த என் மனைவியும் தொட்டாள்.

"அந்தப் பொட்டிக்கு இவ்ளோ செஞ்சீங்களே ஆபா, எனக்கு ஒண்ணு செய்யக்கூடாதா?"

"அய்யோ சிஸ்டர், நீங்க தூங்கலியா? சார் ஒண்ணும் செய்யலியா?"

"அவருதான் எழுப்புனாரு."

ஆபா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் எழுதிய எந்த வருத்தக் கடிதமும் ஈடாகாது. பத்து நிமிடத்தில் ஆபா வீட்டுப் பழைய போர்வை இரண்டும் எங்கள் வீட்டுப் போர்வை ஒன்றும் வாளித் தண்ணீரில் முங்கி எழுந்து, திறந்த ஜன்னல்களில் தொங்கின. அனல்காற்று அவற்றில் நுழைந்து ஏறக்குறைய தென்றலாகவே வெளிவந்தது. நாற்றமும் வந்தது, ஆனால் குளித்துவிட்டு வந்தது.

"அரை மணிக்கொரு தரம் தண்ணி தெளிக்கணும் சார். கம்மியா தெளிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஆபா போய்விட்டார்.

என் மனைவி படுத்தாள். நான் குவளையும் கையுமாக ஜன்னல் ஜன்னலாகப் போய்வந்தேன். மூன்றாவது சுற்றில் அவளுடைய மெல்லிய குறட்டை கேட்டது. எனக்கு எந்தப் பாராட்டும் அவ்வளவு இனித்ததில்லை.

ஐந்தரை மணிக்குக் கூடத்தில் பெட்டி மறுபடி கத்தத் தொடங்கியது. துணியை அவிழ்த்து, கருவியை நிழலில் மாட்டி வைத்திருந்ததால் இந்த முறை அது உண்மையைத்தான் சொன்னது. பாய்ந்து போய் பாட்டரியைக் கழற்றினேன்.

ஆறு மணிக்கு எழுந்தவள், அவசரமாகக் கிளம்பி வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"பை உள்ளயே கெடக்கு. புடவையெல்லாம் மடிப்பு கலையாம பீரோல வச்சிடுங்க."