தறி ரூமில் ஒரு மலைச் செடி

போன வாரம் ஒரு நர்சரிக்குப் போயிருந்தேன். துளசி வாங்கத்தான் போனேன். நர்சரிக்குப் போய்த் துளசியோடு மட்டும் திரும்பியவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்க்கலாம்!

ஒரு மூலையில் சால்வியா நின்றது. சாம்பல் பூசிய மாதிரிப் பச்சையில் நீள நீளமாக இலை. வளைந்த கதிர்களில் ஊதாப் பூ... தொட்டால் வெல்வெட். என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"மலைப் பிரதேசத்துச் செடி மேடம். வெயில் ஆகாது. வீட்டுக்குள்ள ஜில்லுன்னு வச்சுக்குங்க" என்றார் கடைக்காரர்.

எனக்கு வந்ததே சிரிப்பு! அவர் பயந்துவிட்டார். இதே டயலாக்கை அறுபதுகளின் கடைசியில் எங்கள் நைனா பேசிவிட்டார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நைனா என்றால் அப்பா. காஞ்சிபுரத்தில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பிள்ளையார்பாளையத்தில் வீடு, வீட்டுக்குள்ளேயே ரெண்டு பட்டுத் தறி. எங்கள் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் குன்னூரில் டீ பேக்டரி வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார். அவர் மகள் மரகதத்தை என் அண்ணனுக்குப் பேசி முடித்தார்கள். தை மாதம் கல்யாணம். அண்ணிக்கு என் வயசுதான். அதனாலேயே வந்த அன்றே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அண்ணி சீர் வரிசையோடு ஒரு பிஸ்கட் டின்னும் கொண்டுவந்தார். அதில் இந்த சால்வியா. மெக்ஸிகோ பக்கத்து மலைச் செடியாம். குன்னூரில் அவர்கள் வீட்டு வேலியோரம் முழுக்க இதுதானாம். "வாசல்ல நின்னா இதுதாங்க முதல்ல தெரியும்" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கும்.

பங்குனி பிறந்தது. காஞ்சிபுரத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா என்ன? செடி லேசாகத் தலையைத் தொங்கப் போட்டது. நைனா பதறிவிட்டார்.

"பாவம், மலைச் செடி. சூடு தாங்காது. நம்ம நூலு மாதிரிதான் இதுவும். தறி ரூம்ல வைங்கம்மா."

பட்டு இழைக்குச் சூடும் காற்றும் ஆகாது. காய்ந்தால் பட்டென்று அறுந்துவிடும். அதனால் தறி ரூமில் ஜன்னலைத் திறக்க மாட்டோம். தரையில் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருப்போம். ஊரே கொதித்தாலும் அந்த ரூம் மட்டும் ஜில்லென்று இருட்டாக இருக்கும். நல்லதை எல்லாம் அங்கேதான் வைப்போம். செடியும் போனது.

செடி மட்டுமா? அண்ணியையும் வைத்தோம்!

நிஜமாகத்தான் சொல்கிறேன். "குளுர்ல வளந்த பொண்ணு, மயக்கம் கியக்கம் போட்டுடப் போவுது" என்று அம்மாவுக்குப் பயம். கடைக்கு அனுப்புவதில்லை. வடகம் காயவைக்க மொட்டை மாடிக்கு விடுவதில்லை. வெயில் ஏறினால் தறி ரூமில் பாய் விரித்து, "நீ இங்கயே உக்காந்துக்கோம்மா" என்பார். அம்மா தன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியில் வேலை செய்வார். அத்தனை பாசம்!

வைகாசி வந்தது. கருட சேவைக்கு ஊரே திரண்டு போகும். நானும் அண்ணியும் புதுப்புடவை எல்லாம் எடுத்து வைத்திருந்தோம். விடிகாலையில் கிளம்பும்போது அம்மா அண்ணியின் கன்னத்தைத் தடவி, "கும்பல்லயும் வெயில்லயும் நீ வேணாம்மா. அடுத்த வருசம் பழகிக்கினு வரலாம்" என்று சொல்லிவிட்டார். அண்ணி தலையை ஆட்டினார். எனக்குச் சாமியைப் பார்க்கவே மனசில்லை.

திரும்பி வந்தபோது அண்ணி தறி ரூமில் அந்த டின்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செடி ஒல்லியாக, வெளுத்துப்போய், மூடின ஜன்னல் பக்கம் சாய்ந்து வளர்ந்திருந்தது. பூ என்ற பேச்சே இல்லை.

சட்டென்று எழுந்தார். டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

"ஐயோ, வெயில்ல எங்கம்மா எடுத்துக்கினு போற? வாடிப் பூடும்!" என்றார் நைனா.

அண்ணி நின்றார். வந்த நாளிலிருந்து மாமனாரிடம் சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினார்.

"மலையில குளிருதானுங்க மாமா. இருட்டு இல்லைங்க."

அவ்வளவுதான். நைனா எழுந்து வந்து, அண்ணி கையிலிருந்து டின்னை வாங்கி, தானே கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் காலை வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தார். அம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவ்வளவு செல்லமாக வைத்துக்கொண்டதற்கு இதுவா என்று அவருக்கு வருத்தம்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அழைத்துப் போக குன்னூரிலிருந்து அண்ணியின் அப்பா வந்துவிட்டார். அண்ணியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! அதைப் பார்த்த அம்மாவின் முகத்தில் கலவரம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சரோ, போனா இவ திரும்பி வருவாளாடி?" என்றார். எனக்கும் அதே பயம்தான். அண்ணன்? எப்போதும் போல ஒன்றுமே தெரியாத மாதிரி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வண்டி தெருமுனை திரும்பியதும் அம்மா கொல்லைப்பக்கம் போனார். அடுத்த நிமிஷம் ஒரு அலறல்.

செடி வெட்டப்பட்டிருந்தது! கிளைகளெல்லாம் ஓரமாகக் குவிந்து கிடந்தன. டின்னில் குச்சி குச்சியாக அடித்தண்டு மட்டும். பக்கத்தில் எங்கள் வீட்டுக் கத்தரிக்கோல்.

"பாத்தியா! அறுத்துப் போட்டுட்டுப் போயிட்டா! இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டா!" அம்மா தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

நைனா குனிந்து பார்த்தார். விரலால் ஒவ்வொரு தண்டாகத் தொட்டார்.

"அழாத. அடியோட அறுக்கல பாரு. விட்டு அறுத்திருக்கா. வருவா."

நெசவு வீட்டுக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உங்களுக்குச் சொல்கிறேன். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழை, முடிந்து கடைசிப் புடவையை அறுத்து எடுக்கும்போது, தறியில் கொஞ்சம் பழைய பாவு இழையை விட்டுத்தான் அறுப்பார்கள். அந்த இழைகளோடுதான் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். அடியோடு அறுத்தால் தறியை மூடுகிறார்கள் என்று அர்த்தம்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த டின்னுக்கு அவர்தான் காவல். வெயில் நகர நகர டின்னையும் நகர்த்துவார். "அவளுக்கு வெயிலு வேணுமாமே!" என்று முணுமுணுப்பார். செடியைச் சொன்னாரா, மருமகளைச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆவணியில் அண்ணன் போய் அழைத்து வந்தான். அண்ணி தண்ணீர் கூடக் குடிக்காமல் நேராகக் கொல்லைக்கு ஓடினார். தண்டெல்லாம் தளிர். "வெயில்லயே வச்சீங்களா அத்தை?" என்றார். "நீதானேம்மா சொன்ன" என்றார் அம்மா. அப்புறம் ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் என்ன செய்ய? நானும் அழுதேன்.

அதை வெட்டியது வேறு எதற்கும் இல்லையாம். வெட்டினால்தான் நன்றாகத் தழைக்குமாம், குன்னூரில் வருஷா வருஷம் செய்வதாம். நைனா படித்த அர்த்தம் எதுவும் அதில் இல்லை! ஆனால் ரொம்ப நாள் கழித்து அண்ணி என்னிடம் சொன்னார் — "வராம இருந்துடலாமான்னு யோசிச்சேன் சரோ. மாமா பேசாம டின்னை வாங்கிட்டுப் போய் வெயில்ல வச்சாரு பாரு... அதான் வந்தேன்."

அந்த மார்கழியில் செடி பூத்தது. எங்கள் நெசவுத் தெருவில் பூவைப் பார்த்து அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். "இது இன்னா கலரு, கத்திரிப்பூவா, ஊதாவா?" என்று சண்டை போடுவார்கள். போட்டார்கள். அண்ணி நடுவில் நின்று சிரித்தார்.

யோசித்துப் பாருங்கள்... பாசம் என்று சொல்லி நாம் எத்தனை பேரை ஜன்னல் மூடிய ரூமில் உட்கார வைத்திருக்கிறோம்? அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவையாவது கேட்டோமா?

அண்ணி இன்றும் பிள்ளையார்பாளையத்தில்தான் இருக்கிறார். போன மே மாதம் போன் செய்து, "குன்னூர் வரைக்கும் ஒரு டூர் போகலாமா அண்ணி?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஐயே... அந்தக் குளுர்ல போயி யாரும்மா நடுங்கிக்கினு கெடக்கறது?"