அம்மா களை எடுத்த பூங்கா

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. காலனி ஓவர்சியர் என் கதவைத் தட்டினார்.

"சார், பார்க்குல ஒரு அம்மா உக்காந்து லானைப் பிடுங்குது. கேட்டா உங்க பேரைச் சொல்லுது!"

ஓடினேன். முதல் நாள்தான் எங்கள் கிராமமான நெரவியிலிருந்து வந்திருந்த என் அம்மா! சேலையை வரிந்து கட்டிக் குந்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாதிப் பூங்கா வெறும் மண்... பக்கத்தில் அருகம்புல் குவியல்.

"நல்ல மண்ணைப் போட்டுத் தண்ணியும் பாய்ச்சி, இப்படியா அருகு மண்ட விடுவாங்க? அதான் வெயிலுக்கு முன்ன உக்காந்துட்டேன்."

எப்படிக் கோபிப்பது? வயலில் இந்த அருகோடு மல்லுக்கட்டித்தானே என்னைப் படிக்க வைத்தாள்? 'புல்லின் மேல் நடக்காதீர்கள்' என்ற பலகை அருகிலேயே இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்!

ஓவர்சியர் முகம் இறுகியிருந்தது. "நாளைக்குப் பெரிய என்ஜினியர் வர்றார். ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும் சார்."

குவார்ட்டர்ஸ் கிடைத்து ஒன்றரை மாதம்தான். காலனிச் சொத்துக்குச் சேதம் செய்தால் ஒதுக்கீடு ரத்து – ஆர்டரிலேயே இருக்கிறது. கோடு போட்டது போல் தெருக்கள், வீட்டுக்கு வீடு வேப்பங்கன்று, திறந்தால் தண்ணீர் கொட்டும் குழாய், ஆபீசுக்குப் பத்து நிமிட நடை... எங்கள் குடும்பத்தில் யாருக்கு வாய்த்தது இதெல்லாம்?

அம்மா என்னையே பார்த்தாள்.

"வேணும்னே வச்ச புல்லா தம்பி?"

"ஆமாம்மா."

குவியலிலிருந்து ஒரு கொத்தை எடுத்து வேரைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஓவர்சியர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, ரெண்டு வாளி தண்ணி எடுத்தாரச் சொல்லுங்க. வேரு இன்னும் வாடல. அருகைச் சாகடிக்கத்தான் கஷ்டம்... பொழைக்க வைக்கிறது என்ன பெரிய வித்தை?"

நான் தண்ணீர் தூக்கினேன். அம்மா குனிந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டாள் – அசல் நாற்று நடவு! கை கட்டி நின்ற ஓவர்சியர், சற்று நேரத்தில் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"கோணுதுங்க ஐயா. என் வரிசையைப் பாத்து வைங்க!"

"வைக்கிறேம்மா, வைக்கிறேன்..."

மதியத்துக்குள் முடிந்தது. மறுநாள் வந்த என்ஜினியர், "என்னய்யா, புல்லு பரேடு மாதிரி நிக்குது?" என்று சிரித்துவிட்டுப் போனாராம். ரிப்போர்ட்? ஓவர்சியர் எழுதவே இல்லை. அந்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்ல?

மூன்று வாரம் கழித்து, போன ஞாயிறு அம்மா மறுபடி வந்தாள். நேரே பூங்காவுக்குத்தான் போனாள். வரிசை வரிசையாகப் பச்சை பிடித்திருந்தது.

"நல்லா வந்திருக்கு. அறுப்பு எப்ப தம்பி?"

"அதுக்கு மெஷின் இருக்கும்மா. வாராவாரம் அறுப்பாங்க."

"வாராவாரம் அறுப்பா!" அம்மா வாயில் கை வைத்தாள். "குடுத்து வச்ச ஊருடா இது!"

இந்தக் காலனியைப் பற்றி ஆறு வாரமாக இந்தப் பத்தியில் நானும் அதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன்!