வடிகட்டிய எண்ணெய்

ஒரு பொழுது யாரையும் திட்டாமல் போனால் ஆர்டிஸ் க்வாம்மிக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் காட்சி கிடையாது, நாய்கூடக் கிடையாது. இருந்த ஒரு நாயும் பக்கத்துப் பண்ணை ஸ்ட்ராண்ட் வீட்டுக்கு ஓடிப்போய் அங்கேயே தங்கிவிட்டது. அதை இன்றுவரை பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறாள். கிழக்கு மொன்டானாவின் அந்த மேட்டில் மனுஷ முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். பார்க்கிற நாலு பேரையும் பகைத்துக்கொள்ள ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது அவளுக்குத் தாராளமாக இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, கோபத்துக்குக் காரணமும் இருந்தது. டவுனில் ஒரு ட்ராக்டர் ஒர்க்‌ஷாப்பில் பத்தொன்பது வருஷம் மெக்கானிக். அங்கே அவள் ஒருத்திதான் பொம்பளை. ஸ்பானரை ஒளித்துவைப்பார்கள், பூட்ஸுக்குள் கிரீஸைத் தடவிவைப்பார்கள். கம்ப்யூட்டர் வைத்த புது டீசல் என்ஜின்கள் வந்தபோது, மேனேஜர் டக் ரம்ஃபோர்டு நேற்று வந்த பொடியன்களை எல்லாம் பயிற்சிக்கு அனுப்பினார். இவளிடம், "உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? நீ பாட்டுக்கு ஆயில் மாத்திட்டு இரு" என்றார். ஆர்டிஸ் ஆயில் மாற்றினாள். அந்த என்ஜினுக்கு ஆயிரத்து நூறு பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தது. அதை ஒர்க்‌ஷாப் கக்கூஸில் உட்கார்ந்தே ஒரு வருஷத்தில் படித்து முடித்தாள்.

அப்பா செத்ததும் வேலையை விட்டுவிட்டுப் பண்ணைக்கு வந்தாள். நிலத்தில் பாதி அவளுக்கு, பாதி தம்பி லைலுக்கு என்று அப்பா எழுதிவைத்திருந்தார். லைல் டவுனில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். சாவு வீட்டுச் சாப்பாடு செரிப்பதற்குள் ட்ராக்டர் முதற்கொண்டு ஏலத்தில் விட்டுவிட்டான். அடுத்து அவனுடைய பாதி நிலத்தை ஸ்ட்ராண்டுக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பாதியில்தான் ஓடை இருக்கிறது. ஓடை போனால் இருநூறு மாடுகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. அவள் பங்கு வெறும் மேடு, அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவும் முடியாது.

செப்டம்பரில் ஒரு காலை, டவுனில் விவசாயிகளுடைய கோ-ஆப் கடையில் பத்துப் பேர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

"குளிர்காலம் பூரா நீ ஒத்தையா நின்னு தீனி போட்டுடுவியா? அம்பத்தெட்டு வயசுல?" என்றான் லைல்.

"உன்னை மாதிரி நாற்காலியைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தா முடியாது. எனக்கு முடியும்."

"சவால் விடறியா?"

"விடறேன்டா. எழுதிக்கோ."

எழுதியது டெல்மர் ஹூசோ, கடையை நடத்துகிற பெரியவர். சுவரிலிருந்த விதைக் கம்பெனிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதன் முதுகில் எழுதினார். ஏப்ரல் ஒன்றாம் தேதிவரை ஒரு நாள்கூடத் தப்பாமல் ஆர்டிஸ் மாடுகளுக்குத் தீனி போட வேண்டும். யார் உதவியும் கூடாது, இரவல் ட்ராக்டரும் கூடாது. ஜெயித்தால் ஓடைப் பாதி இருபது வருஷத்துக்கு அவளுக்குக் குத்தகை. தோற்றால் அது ஸ்ட்ராண்டுக்குப் போகும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தாள் கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்கியது.

ஏலத்தில் யாரும் சீந்தாமல் மிஞ்சியது அப்பாவின் எண்பத்தெட்டாம் வருஷத்துப் பிக்கப் ஒன்றுதான். அதன் பின்பக்கம் இரண்டு இரும்புக் கைகள் உண்டு. அரை டன் புல் உருளையை இரண்டு பக்கமும் அணைத்துத் தூக்கும். கை நன்றாக இருந்தது, என்ஜின்தான் செத்துக் கிடந்தது.

"பழைய வண்டிக்குப் பழைய என்ஜினையே பார்த்துப் போடு. சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா ஓடும்" என்றது ஊர். ஆர்டிஸ் கேட்பாளா? இரும்புக் கிடங்கில் உருண்டு நசுங்கிக் கிடந்த ஒரு லாரியிலிருந்து, இருபது வருஷம் புதிய என்ஜின் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தாள். டக் ரம்ஃபோர்டு அவளைத் தொடவிடாத அதே கம்ப்யூட்டர் என்ஜின். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

அதை உள்ளே இறக்குவதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. என்ஜின் நீளம், அது உட்காருகிற பள்ளம் குட்டை. அடியில் ஆயில் தொட்டி முன் அச்சில் போய் முட்டியது. தாங்கிகளை வெட்டி, மறுபடி வெல்டிங் வைத்து, இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கினாள். கனம் தாங்காமல் முன்பக்கம் மண்டியிட்டது. தடித்த ஸ்பிரிங் தேடிப் போட்டாள். ஒயர் கட்டு மூன்று வாரம் சாப்பாட்டு மேசை முழுக்கக் கிடந்தது. அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். மான் கறியைப் பொட்டலம் கட்டி ஒட்டுகிற வெள்ளை டேப்பில் பேர் எழுதி ஒவ்வொரு ஒயரிலும் ஒட்டினாள். என்ன பேர்? அவளுக்கு ஆகாதவர்கள் பேர்தான். மற்றதெல்லாம் மறந்துபோகும், இது மறக்காது. ஆயில் அழுத்தத்தைச் சொல்கிற ஒயர் டக் ரம்ஃபோர்டு, சூட்டைச் சொல்கிற ஒயர் ஸ்ட்ராண்ட். ஓடிப்போன நாய்க்கும் ஒன்று இருந்தது. வண்டியின் இரும்புச் சட்டத்தோடு போய்ச் சேர்கிற எர்த் ஒயரில் லைல் என்று எழுதினாள். எந்தக் கோளாறானாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும் என்பது அவள் அனுபவம்.

லைல் ஒரு நாள் ஷெட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தான். தன் பேரையும் பார்த்தான்.

"இது முன்னால போகுமா, பின்னால போகுமா?"

"உன் மேல போகும். முன்னால வந்து நில்லு."

நவம்பர் ஒன்பதாம் தேதி என்ஜின் ஒரே சாவியில் கிளம்பியது. அவள் ஷெட்டுக்குள் தனியாக நின்று, டக் ரம்ஃபோர்டை அவருடைய பாட்டன் காலம்வரை போய்த் திட்டினாள். அவ்வளவு சந்தோஷம்.

டீசல் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே ஒவ்வொரு பண்ணையிலும் இரும்புக் காலில் ஒரு டீசல் தொட்டி நிற்கும். குளிர் இறுகினால் டீசல் கூழாகிவிடும். அதற்கு வீட்டுக்கு வீடு ஒரு கைமருந்து. க்வாம்மி வீட்டு மருந்து ஒரு கேன் மண்ணெண்ணெயும், கியர் பெட்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெய் அரை கேனும். மைனஸ் முப்பதைத் தொட்டால் அப்பா அதை மாவு மூட்டைத் துணியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றுவார். பழைய என்ஜின் அதைக் குடித்துவிட்டு ஏப்பம் விடும். புது என்ஜினுக்கு அது விஷம். அதில் டீசல் பீய்ச்சுகிற துளைகள் தலைமுடியைவிடச் சன்னம். அதனால் ஆர்டிஸ் தொட்டியைக் கழுவித் துடைத்து, நல்ல டீசல் நிரப்பி, மேலே சிவப்புப் பெயின்டில் 'வேறு எதையும் ஊற்றினால் கொன்றுவிடுவேன்' என்று எழுதினாள். பூட்டுப் போடவில்லை. அந்த ஊரில் பூட்டு வாங்கப் போனால் கடைக்காரரே எதற்கென்று கேட்பார்.

டிசம்பர் போனது, ஜனவரி போனது. தினம் பதினோரு உருளை, ஒரு நாள் தப்பவில்லை. கோ-ஆப்பில் கேலி குறைந்தது. லைல் அந்தத் தாள் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

பிப்ரவரியில் மைனஸ் முப்பத்தெட்டு. மத்தியானம் அவள் கோடாலியோடு ஓடைக்குப் போய்ப் பனிக்கட்டியை உடைத்து, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, இருட்டுகிற நேரத்தில் நேராக வீட்டுக்குள் போய் அடுப்படியில் விழுந்தாள். காலையில் வந்து பார்த்தால் பிக்கப்பின் ஹீட்டர் ஒயர் சுவரில் செருகியிருந்தது. அதைச் செருகாமல் விட்டால் அந்தக் குளிரில் என்ஜின் அசையாது.

"நேத்து செருகினேனா? ஞாபகமே இல்லையே, சனியன்" என்று தன்னையே திட்டிக்கொண்டு, தொட்டியிலிருந்து டீசல் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

ஏழு உருளை போட்டாயிற்று. எட்டாவதைத் தூக்கப் போகும்போது என்ஜின் இருமியது. இழுத்தது. நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என்ன செய்தும் உயிர் வரவில்லை.

மீதி நாலு உருளையும் மேட்டின் உச்சியில், மாடுகள் கீழே. கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, உருளையைச் சுற்றியிருந்த வலையை அறுத்து, ஒவ்வொன்றாகச் சரிவில் உருட்டிவிட்டாள். உருளை விரிந்துகொண்டே போனது. சொல்ல ஒரு வரி, செய்ய ஆறு மணி நேரம். கடைசி உருளை போகும்போது இடது கையில் இரண்டு விரல் அவளுடையதாக இல்லை. ஆனால் நாள் தப்பவில்லை.

பிறகு என்ஜினின் டீசல் வடிகட்டியைக் கழற்றினாள். உள்ளே கறுப்புக் கூழ். மோந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்பாவின் கலவை! தொட்டிக்கு ஓடினாள். அவள் எழுதிய சிவப்பு எழுத்து உறைபனியில் மூடிக் கிடந்தது. தொட்டியின் ஏணிப் படியில் ஒரு மாவு மூட்டைத் துணி, நாலாக மடித்து மாட்டியிருந்தது. அந்தக் கலவை தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி அவள்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக ஸ்டாப்பில் நின்ற பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறி டவுனுக்கு வந்து, கோ-ஆப் கதவை உதைத்துத் திறந்தாள். துணியை லைலின் காபி மேல் எறிந்தாள்.

"என் வயித்துல அடிச்சிட்டியேடா பாவி! ஜெயிக்க வக்கில்லைன்னு டீசல்ல கையை வெச்சுட்டியே!"

பத்துப் பேரும் அவனையே பார்த்தார்கள். அந்தக் குளிரில் ஒருத்தருடைய தீனி வண்டியைக் கெடுப்பதற்குக் கொலைக்கு அடுத்த இடம்.

"ஊத்தினியா, லைல்?" என்று கேட்டார் டெல்மர்.

"ஊத்தினேன்."

டெல்மர் ஆணியிலிருந்து தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இதைப் பாருப்பா. அவளுக்கு நல்லதாகட்டும்னு நீ ஊத்தியிருந்தா அது உதவி. உதவி வந்தா ஆர்டிஸ் தோத்த மாதிரி, ஓடை ஸ்ட்ராண்டுக்கு. கெடுக்கணும்னு ஊத்தியிருந்தா நீ ஏமாத்தினவன். இப்பவே இங்கேயே குத்தகைல கையெழுத்துப் போடணும். எதுக்கு ஊத்தினே?"

லைல் காபியில் நனைந்த துணியைப் பார்த்தான். ஆர்டிஸும் அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தாள். கெடுக்க வருகிறவன் எண்ணெயை வடிகட்டுவானா? வடிகட்டிவிட்டுத் துணியை மடித்து மாட்டுவானா? அந்த ஹீட்டர் ஒயரையும் அவள் செருகவில்லை. ஓடையிலிருந்து வந்தவள் பிக்கப் பக்கமே போகவில்லை என்பது இப்போது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"கெடுக்கத்தான்" என்றான் லைல். "அவ தோக்கணும்னுதான் ஊத்தினேன்."

பொய். பச்சைப் பொய். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான். திறந்தால் ஓடை போய்விடும், மாடு போய்விடும், பட்ட பாடெல்லாம் போய்விடும். ஆர்டிஸ் க்வாம்மி பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள்.

டெல்மர் தனியாக எழுதிக் கொடுத்த குத்தகைப் பத்திரத்தில் லைல் கையெழுத்துப் போட்டான். சவால் தாள் மறுபடி ஆணிக்கே போனது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சவால் முடிந்துபோனதால் இரவல் வாங்கத் தடையில்லை. ஸ்ட்ராண்டே தன் ட்ராக்டரைக் கொண்டுவந்து விட்டான். அதில் அவளுடைய நாயும் உட்கார்ந்திருந்தது. அதை அவள் திட்டவில்லை.

மார்ச்சில் டீசல் பீய்ச்சுகிற புது இன்ஜெக்டர்கள் வந்தன. மாட்டும்போது லைல் என்று எழுதிய டேப் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அவனை ஊர் தலை முழுகிவிட்டது. காபி மேசையில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். நாலு நாள் பார்த்துவிட்டு, அவனே உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் தனியாக நின்று குடிக்க ஆரம்பித்தான். ஆனாலும் தினம் வந்தான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி ஆர்டிஸ் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு கோ-ஆப்புக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் டெல்மர் எழுந்து நாற்காலி போட்டார். மூட்டைப் பக்கம் முகவாயைக் காட்டி, "அந்தத் திருட்டு நாய் இன்னும் இங்க வர்றதை நிறுத்தலை பாரு" என்றார்.

"வாயை மூடுங்க டெல்மர்!" கடையே திரும்பிப் பார்த்தது. "அவனைத் திட்ட இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் பாத்தியதை உண்டு. டேய் லைல், இங்க வந்து உக்காரு."

"எதுக்கு?"

"திட்டறதுக்குத்தான். அங்கேர்ந்து கத்தினா எனக்குத் தொண்டை வலிக்குது."

அவன் வந்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தான். அவள் அவனுடைய கோப்பையில் காபி ஊற்றினாள். குளிரில் விறைத்துப்போன அந்த இரண்டு விரலும் இன்னும் சரியாக மடங்கவில்லை, பாதி மேசையில் கொட்டியது. கல்லாவுக்கு மேலே தொங்கிய தாளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். பிறகு எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னாள்:

"அடுத்த தடவை மைனஸ் முப்பதுக்குக் கீழ போச்சுன்னா, ஹீட்டர் ஒயரை மட்டும் செருகிட்டுப் போ. அப்பா மருந்து அந்த என்ஜினுக்கு ஆகாது. கேட்டுச்சா முட்டாளே?"

லைல் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கேட்டுச்சு" என்றான்.

டெல்மர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போய் ஆணியிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்தார். அதைக் கசக்கி, மேசையில் கொட்டிய காபியைத் துடைத்துவிட்டு, குப்பைத் தொட்டியில் போட்டார்.